அம்மாவைப் புனிதையாக்கச் சொல்கிறார்கள்

அன்புள்ள மேடம்,

எனக்கு 49 வயது. பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி, கல்யாணமாகி 19 வருடமாகச் சென்னை. கணவர், பிளஸ் ஒன் படிக்கிற ஒரு மகன். போன செப்டம்பரில் என் அம்மா 79 வயதில் இறந்துபோனார். அடுத்த மாதம் ஊரில் ஆண்டு நினைவுப் பூசை. பூசை முடிந்ததும் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டியது நான்தான் என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார். "நாலு பேர்ல நீதானே தமிழ் படிச்சவ" என்கிறார். மூன்று வாரமாக நோட்டும் பேனாவுமாக உட்கார்கிறேன். "எங்கள் அம்மா" என்று எழுதுகிறேன். அதற்கு மேல் போகவில்லை.

அப்பா கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகிற தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்துகிற தலைவர். வருடத்தில் பாதி நாள் கடலில். நாங்கள் நான்கு பிள்ளைகள், நான் கடைக்குட்டி. அம்மா தினமும் விடியக்காலம் நாலரைக்கு எழுந்துவிடுவார். குளித்து, முக்காடு போட்டுக்கொண்டு, முதல் பூசைக்குப் பனிமய மாதா கோவிலில் இருப்பார். மழையோ காய்ச்சலோ, அது நின்றதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டில் செபமாலை. அது முடிகிற வரை சோறு கிடையாது. முழங்காலில் நின்றபடி தூங்கி விழுந்தால் முதுகில் ஒரு தட்டு விழும். ஊரே புதுச் செபத்துக்கு மாறி எத்தனையோ வருடம் ஆன பிறகும் அம்மா மட்டும் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்றுதான் சொல்வார். கேட்டால், "மாதாவுக்கு என் பழைய தமிழ்தான் பழக்கம்" என்பார்.

தோணி வரத் தாமதமானால் அந்தோணியாருக்குப் பதிமூன்று செவ்வாய் நேர்ந்துகொள்வார். தெருவில் யார் செத்தாலும், எந்தச் சாதி ஆனாலும், முதலில் போய் நிற்பது அம்மாதான். குளிப்பாட்டுவது, தாடையைக் கட்டுவது, ராத்திரி முழுக்கச் செபம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எல்லாம் அவர். இதெல்லாம் உண்மை. இதை எழுதுவதில் எனக்குச் சங்கடமே இல்லை.

சங்கடம் இனிமேல்தான். என் கணவர் இந்து. 2006-ல் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அம்மா வரவில்லை. "கோவில்ல கல்யாணம் இல்லன்னா எனக்கு மகளும் இல்ல" என்று சொல்லி அனுப்பினார். மூன்று வருடம் பேச்சு இல்லை. 2009-ல் மகன் பிறந்தபோது பெட்டியோடு வந்து வாசலில் நின்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைக்கு 40 நாள் இருக்கும், நான் குளித்துவிட்டு வருகிறேன், அடுக்களையில் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பிள்ளையின் தலை ஈரம். பக்கத்தில் ஒரு சில்வர் டம்ளர். "என்னம்மா செஞ்சீங்க?" என்றேன். "பிள்ளைக்குத் தலை வேர்த்துச்சு, துடைச்சேன்" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ராத்திரி அவரே சொன்னார்: "பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் பேரால தண்ணி ஊத்திட்டேன். பேரு அந்தோணி. மோட்சத்துக்கு வழி செஞ்சாச்சு, இனி உன் இஷ்டம்." என் கணவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. மறுநாள் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏற்றி அனுப்பிவிட்டேன். திரும்பவும் பேச்சு நின்றது.

2013-ல் பனிமய மாதாவின் தங்கத்தேர் ஓடியது. அதற்கு ஊருக்குப் போனபோதுதான் மறுபடி பேசினோம். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கூட்டத்தில் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தேர் வருகிற வரை நின்றார். அவருக்கு அப்போதே 68 வயது. அதற்குப் பிறகு பாசத்துக்குக் குறைவில்லை. என் மகனுக்கு ஆச்சி என்றால் உயிர். "ஆச்சிக்கு மட்டும் நான் அந்தோணி" என்று சிரிப்பான். ஆனால் கணவரின் பெயரை அம்மா கடைசி வரை உச்சரிக்கவில்லை. "அவர் சாப்பிட்டாரா" என்பதோடு சரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "நான் சாகையில என் காதுல சேசு மரி சூசைன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்" என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இயேசு, மரியாள், யோசேப்பு என்ற மூன்று பெயர்கள் அவை. கடைசி ராத்திரி ஆஸ்பத்திரியில் என் முறை. இரண்டு நாள் முன்பே சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசிச் செபிக்கிற அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டார். விடியும் நேரம் மூச்சு மாறியது. எனக்குத் தெரிந்துவிட்டது. காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன். வாய் வரவில்லை. நான் நம்பாத வார்த்தையை எப்படிச் சொல்வது என்று அந்த நேரத்தில் ஒரு யோசனை. "அம்மா, அம்மா" என்றுதான் வந்தது. முடிந்துவிட்டது. அண்ணனும் அக்காமாரும் "காதுல சொன்னியா?" என்று கேட்டார்கள். "சொன்னேன்" என்றேன்.

அடக்கப் பூசையில் எல்லோரும் நன்மை (பூசையில் தரும் அப்பம்) வாங்கப் போனார்கள். முதல் பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மூன்று வாரம் கழித்து இங்கே மீன் வாங்கப் போனேன். சென்னையில் எல்லோரும் வஞ்சிரம் என்பார்கள். அன்றைக்கு ஒரு அம்மா "சீலா நல்லா இருக்கு, எடுத்துக்க" என்றார். எங்கள் ஊர்ச் சொல். அங்கேயே நின்று அழுதேன். மீன்காரம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

முப்பதாம் நாள் முடிந்து அம்மாவின் சாமான்களைப் பங்கு வைத்தார்கள். எனக்குச் செபமாலை. "நீதான் செபிக்கணும்" என்று அக்கா ஒரு மாதிரியாகச் சொன்னாள். கயிறு அறுந்து மீன்பிடி நரம்பில் கோத்த பழைய மாலை. மூன்றாவது பத்தில் ஒரு மணிக்குப் பதிலாக ஒரு நீலப் பொத்தான் இருக்கிறது. என் பள்ளிக்கூடச் சட்டைப் பொத்தான் நீலம். அண்ணன் சட்டைக்கும் நீலம்தான்.

நினைவு அட்டையில் "புனித வாழ்வு வாழ்ந்த எங்கள் தாய்" என்று அச்சடித்தாகிவிட்டது. "அம்மா ஒரு புனிதை. பழசு எதையும் இழுத்துராத" என்கிறார் அண்ணன். நான் பேசினால் பொய் சொன்ன மாதிரி இருக்கும். பேசாவிட்டால் அம்மாவுக்குத் துரோகம். சிநேகிதி ஒருத்தி, நீ இன்னும் "மறுப்பு" நிலையிலேயே நிற்கிறாய், அதைத் தாண்டினால்தான் சரியாகும் என்கிறாள். இப்போதெல்லாம் எனக்கும் நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

நான் என்ன பேசுவது?

— பெயர் வேண்டாம், சென்னை

*

அன்புச் சகோதரிக்கு,

என்ன பேசுவது என்பதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் நாலரை மணி. போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள், என் கண் அங்கேதான் நின்றது. அம்மா எழுந்த அதே நேரத்துக்கு உங்களுக்கும் விழிப்பு வருகிறது என்றால், அது நினைவின் வேலையாக இருக்கலாம். ஆனால் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மணி நேரம் முன்பே விழித்து, மறுபடி தூக்கம் வராமல் கிடப்பது மனச்சோர்வின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். சாப்பாடு இறங்குகிறதா? எதிலாவது மனம் ஒட்டுகிறதா? காலையில் கனமாக இருந்து பொழுது போகப் போக லேசாகிறதா? "எதிலும் மனம் இல்லை" என்பது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தயவுசெய்து ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இதைப் பேச்சு எழுதுவதோடு கலந்துவிடாதீர்கள். இது தனி.

அப்புறம் உங்கள் சிநேகிதி சொன்னது. நல்ல மனசோடு சொல்லியிருப்பார். மறுப்பு, கோபம் என்று தொடங்கும் அந்த ஐந்து நிலைகளை எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-ல் எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. பிற்பாடு அதைத் துக்கத்தில் இருப்பவர்களுக்கும் நீட்டி, பள்ளிக்கூட வகுப்பு மாதிரி ஒவ்வொன்றாகப் பாஸ் ஆக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். துக்கம் அப்படி வரிசையில் வருவதில்லை. 1999-ல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இருவர் முன்வைத்த பார்வை எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. இழந்தவர் கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம் போவார், கொஞ்ச நேரம் அன்றாடத்தின் பக்கம் வருவார், இப்படிப் போய்ப் போய் வருவதுதான் துக்கம் என்பது அவர்கள் கருத்து. அடக்கப் பூசையில் காய்ந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தவர் மீன் கடையில் அழுததில் விசித்திரம் ஒன்றுமில்லை. கோவிலில் நீங்கள் உங்களைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லோரும் எழுந்து போக, முதல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கு அழுவதற்கு எங்கே இடம்? மீன் கடையில் யாரும் உங்களைக் கவனிக்கவில்லை. ஊர்ச் சொல் ஒன்று நேராக உள்ளே போய்விட்டது.

நான் கத்தோலிக்கர் இல்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் பன்னிரண்டு வருடம் படித்தவள். அந்தப் பழக்கத்தில் ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் அண்ணன் அம்மாவைப் புனிதை என்கிறார், அதே வாயால் அம்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கிறார். புனிதர்களிடம்தானே வேண்டிக்கொள்வார்கள்? இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வார்கள். இரண்டும் வேறு. மோட்சம் போகுமுன் பாவம் தீரக் காத்திருக்கிற, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக உங்கள் அம்மாவே எத்தனை ராத்திரி செபம் சொல்லியிருப்பார்! அந்த வழக்கமே, போனவர் குறையோடு போனவர், அவருக்கு நம் வேண்டுதல் தேவை என்ற எண்ணத்தின் மேல் நிற்பது. ஒருவரைப் புனிதராக்க விசாரணை தொடங்கக்கூடச் சாதாரணமாக இறந்து 5 வருடம் ஆகவேண்டும் என்பது திருச்சபையின் விதி. தெற்கே 1752-ல் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது 2022-ல். உங்கள் வீட்டில் அந்த வேலையை ஒரு வருடத்துக்குள் முடித்து அச்சடித்தும் விட்டார்கள்.

கேலிக்காகச் சொல்லவில்லை. அண்ணனுக்கு ஏன் அது தேவைப்படுகிறது என்று யோசியுங்கள். அம்மா கூட இருந்தது யாரோடு என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் ஊரில் இருக்கும் பிள்ளைதான் கடைசிக் காலத்தைச் சுமக்கும். சுமந்தவர்களுக்கும் கசப்பு உண்டு. மருந்து வாங்கியது, கோபப்பட்டது, அலுத்துக்கொண்டது எல்லாம் உள்ளே கிடக்கும். அம்மாவைப் புனிதை என்று மூடி வைத்தால் தன் கசப்பையும் சேர்த்து மூடிவிடலாம். இது என் ஊகம்தான். ஆனால் "பழசு எதையும் இழுத்துராத" என்பதில் எனக்கு அதட்டலைவிடப் பயம் அதிகமாகக் கேட்கிறது. சாவகாசமாக ஒருநாள் போன் செய்து, "அண்ணே, கடைசி ரெண்டு வருஷம் உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பேச்சைப் பற்றி அன்றைக்குப் பேசவேண்டாம்.

ஆகஸ்ட் 27-ஆம் தேதி புனித மோனிக்காவின் திருநாள். புனித அகுஸ்தினாரின் தாய். கத்தோலிக்கத் தாய்மாருக்கெல்லாம் உதாரணமாகக் காட்டப்படுகிறவர். மகனுக்காக அழுதே காலம் கழித்தவர் என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். பிரசங்கத்தில் அதிகம் வராத பகுதிகள் அந்த மகன் எழுதிவைத்த தன்வரலாற்றிலேயே இருக்கின்றன. மகன் வேறு சமயக் கூட்டத்தில் சேர்ந்தபோது, அவனோடு ஒரே வீட்டில் இருக்கவும் ஒரே மேசையில் சாப்பிடவும் மோனிக்கா மறுத்திருக்கிறார். ஒரு கனவு கண்ட பிறகுதான் மனம் மாறினார். மகனும் லேசுப்பட்டவர் இல்லை. அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, கார்த்தேஜ் கரையில் அவரை விட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ரோமுக்குக் கப்பல் ஏறியவர். முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஞாபகம் வந்தது எனக்கு, திசை மட்டும் வேறு. சிறுமியாக இருந்தபோது மோனிக்கா பீப்பாயிலிருந்து திருட்டுத்தனமாகத் திராட்சரசம் குடித்துப் பழகியதும், வேலைக்காரப் பெண் ஒருத்தி "குடிகாரி" என்று திட்டியதும் அதே புத்தகத்தில் இருக்கிறது. எழுதியது எதிரி இல்லை, மகன். 387-ல், ரோமுக்குப் பக்கத்தில் ஓஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா இறந்தபோது வாய்விட்டு அழுத பேரனை அடக்கினார்கள். அகுஸ்தினாரும் அழவில்லை. குளித்தால் துக்கம் குறையும் என்று போய்க் குளித்துப் பார்த்தார், குறையவில்லை. தூங்கி எழுந்து, தனியாகப் படுக்கையில் கிடந்தபோதுதான் அழுதார். பல வருடம் கழித்துத்தான் இதையெல்லாம் எழுதினார். எழுதி முடிக்கிற இடத்தில் என் அம்மாவின் பாவங்களை மன்னியும் என்று கடவுளிடம் மன்றாடி, வாசிக்கிறவர்களும் பலிபீடத்தில் அம்மாவை நினைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். இத்தனையும் எழுதியதால் மோனிக்காவின் பெயர் கெட்டுப்போகவில்லை.

இப்போது டம்ளர் தண்ணீர். இதை நான் பூசி மெழுகப் போவதில்லை. உங்கள் பிள்ளை, உங்கள் வீடு, உங்களைக் கேட்காமல் செய்தார், கேட்டபோது பொய் சொன்னார். உங்கள் கோபம் நியாயம். திருச்சபைச் சட்டப்படியே, உயிருக்கு ஆபத்து இருந்தால் தவிர, பெற்றோரில் ஒருவராவது சம்மதித்தால்தான் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆக அம்மா தன் கோவிலின் விதியையும் மீறித்தான் செய்திருக்கிறார். ஆனால் அவர் கணக்கு வேறாக இருந்திருக்கும். ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளை மோட்சம் பார்க்காது என்று சின்ன வயதில் உபதேசத்தில் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. தெருவில் எத்தனை பிள்ளைப் பிணத்தைக் குளிப்பாட்டியிருப்பாரோ. 40 நாள் பிள்ளையைக் கையில் வாங்கியதும் அவருக்கு வந்தது பயம். பயத்தில் செய்த காரியம் என்பதால் அது சரியாகிவிடாது. உங்களுக்கு வலித்தது வலித்ததுதான். இரண்டையும் ஒரே கையில் பிடிக்கப் பழகுங்கள் என்றுதான் சொல்லமுடியும். கோபம் தீர்ந்தால்தான் பாசம் காட்டலாம் என்று யாரும் சட்டம் போடவில்லை. 2013-ல் தேர் வருகிற வரை நீங்கள் இரண்டு பேரும் அப்படித்தானே நின்றீர்கள்?

காதில் சொல்லாமல் விட்டது. எனக்கு இதுதான் கடிதத்திலேயே கடினமான இடம். மரணத்தை நெருங்கி நினைவிழந்து கிடந்தவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்த ஓர் ஆய்வு 2020-ல் கனடாவிலிருந்து வந்தது. அவர்களில் சிலரின் மூளை, நல்ல உடல்நிலையில் இருப்பவர்களின் மூளையைப் போலவே ஒலிகளுக்கு அசைந்திருக்கிறது. என்ன கேட்கிறது என்று புரிந்ததா என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை. ஆகவே உங்கள் குரல் அவருக்கு எட்டியிருக்கலாம் என்பது வரை நான் சொல்வேன். "அம்மா என்பதே செபம்" என்று இனிப்பாக எதையாவது சொல்லி உங்களை அனுப்பிவைக்க விருப்பமில்லை. அவர் கேட்டது குறிப்பிட்ட மூன்று பெயர்கள், நீங்கள் சொல்லவில்லை. ஆனால் அவர் நம்பிக்கைப்படி நடக்கவேண்டிய அவஸ்தைப்பூசுதல் இரண்டு நாள் முன்பே நடந்துவிட்டது. அவர் பயந்தது தனியாகச் சாவதற்கு என்று நினைக்கிறேன், அதனால்தான் "ஒரு ஆள் வேணும்" என்றிருக்கிறார். ஆள் இருந்தது. நம்பாத வார்த்தையைச் சொல்ல வாய் வராததும் ஒரு வகையில் அவர் வளர்த்த வளர்ப்புதான். செபத்தை விளையாட்டாகச் சொன்னால் முதுகில் விழுந்திருக்குமே.

"சொன்னேன்" என்ற பொய்தான் உங்களை அதிகம் அரிக்கிறது என்று தோன்றுகிறது. எல்லோரிடமும் போட்டு உடைக்கவேண்டாம். நம்பிச் சொல்லக்கூடிய ஒருவரிடம் சொல்லுங்கள். அக்காவாக இருக்கலாம், கணவராக இருக்கலாம், ஊரில் நல்ல சாமியார் இருந்தால் அவராகவும் இருக்கலாம். கல்லறைக்குப் போகும்போது அந்த மூன்று பெயரைச் சொல்லவேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள், அம்மாவின் மொழியில் அம்மாவிடம் பேசுகிற மாதிரி. தோன்றாவிட்டால் விட்டுவிடுங்கள். கட்டாயம் இல்லை.

பொத்தானைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. உங்கள் சட்டைப் பொத்தான்தான், தினமும் அதைத் தொட்டு உங்களுக்காக வேண்டியிருக்கிறார் என்று எழுத எனக்கும் கை துறுதுறுக்கிறது. மணி ஒன்று தொலைந்தது, டப்பாவில் கிடந்ததை எடுத்துக் கோத்தார் என்பதற்கும் அதே அளவு வாய்ப்பு. தெரியாததைத் தெரியாததாகவே வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனிடம் மட்டும் காட்டுங்கள். அவர் தன் சட்டைப் பொத்தான் என்று சண்டைக்கு வந்தால் நல்லதுதான்.

இனி பேச்சு. இரண்டு காகிதம் எடுங்கள். முதல் காகிதம் அம்மாவுக்கு, யாரும் படிக்கப் போவதில்லை. கல்யாணத்துக்கு வராதது, டம்ளர், கணவரின் பெயரைச் சொல்லாதது, எல்லாவற்றையும் "நீங்க" என்று கூப்பிட்டு எழுதுங்கள். திட்டு வந்தால் திட்டு. அதை எழுதாமல் மற்றதை எழுத உட்கார்ந்ததால்தான் "எங்கள் அம்மா"வோடு பேனா நின்றுவிட்டது.

இரண்டாவது காகிதம் கோவிலுக்கு. அதில் அன்பின் உருவம், தியாகச் சுடர், புனிதை மாதிரியான போஸ்டர் வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். குறை சொல்லவும் வேண்டாம், அது அதற்கான இடமும் இல்லை. எல்லா உண்மையையும் எல்லா இடத்திலும் சொல்லவேண்டியதில்லை, பொய் இல்லாமல் இருந்தால் போதும். நாலரை மணியைச் சொல்லுங்கள். தோணி தாமதமானால் நேர்ந்துகொண்ட பதிமூன்று செவ்வாயைச் சொல்லுங்கள். செத்தவர்களின் தாடையைக் கட்டிய கையைச் சொல்லுங்கள். அந்தக் கையால் குளிப்பாட்டப்பட்டவர்களின் பிள்ளைகள் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். "மாதாவுக்கு என் பழைய தமிழ்தான் பழக்கம்" என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள். அம்மாவின் பிடிவாதம் முழுக்க அதில் இருக்கிறது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், அண்ணனும் சிரிப்பார், யாருக்கும் வலிக்காது. கல்யாணத்தைத் தொட்டே ஆகவேண்டும் என்று தோன்றினால் ஒரு வரி போதும்: "நானும் அம்மாவும் ஒத்துப்போகாத வருடங்கள் இருந்தன, தங்கத்தேர் அன்றைக்கு அவர் என் பிள்ளையை இறக்கவே இல்லை." அதை அண்ணனிடம் முன்கூட்டியே படித்துக் காட்டிவிடுங்கள். கோவிலில் முதல் தடவையாகக் கேட்கவேண்டாம்.

உங்கள் மகனையும் கேளுங்கள். நாம் பெரியவர்கள் பூசை, பங்கு, பேச்சு என்று அலைகிறபோது பேரப்பிள்ளைகளை மறந்துவிடுகிறோம். பதினாறு வயதுப் பையன் ஆச்சியைப் பற்றித் தானாக வாய் திறக்கமாட்டான். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இனி யாருமில்லை என்பது அவனுக்கும் தெரியும். "ஆச்சியப் பத்தி ஒரு விஷயம் சொல்லு, பேச்சுல சேர்க்கணும்" என்று கேளுங்கள். அவன் சொல்வதைத் திருத்தாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்து நேரம் பாருங்கள். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் வெட்டுங்கள். பூசை முடிந்து எல்லோரும் பசியோடு இருப்பார்கள், வெளியே பந்தி விரித்திருக்கும்.

அன்புடன்,
ஆலோசகர்